எட்டு வாய்

மூன்றாவது தடவை துடைத்த பிறகும் அந்த ஒரு துளை மட்டும் ஈரமாகவே இருந்தது.

பாத்டப்பின் உட்சுவரில் மொத்தம் எட்டுத் துளைகள். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று, கால்மாட்டில் இரண்டு. மோட்டாரைப் போட்டால் எட்டிலிருந்தும் தண்ணீர் பீறிட்டு வந்து உடம்பைப் பிசையும். ஏழு துளைகள் பழந்துணியால் ஒரு சுற்றுச் சுற்றியதும் காய்ந்துவிட்டன. தலைமாட்டில் வலப்பக்கம் இருந்த எட்டாவதின் ஓரத்தில் மட்டும், தூங்குகிறவன் கடைவாயில் ஊறும் எச்சில் மாதிரி, ஒரு சொட்டு மெல்லத் திரண்டுகொண்டே இருந்தது. துடைத்தான். மறுபடி திரண்டது. குனிந்து முகர்ந்து பார்த்தான். நாள்கணக்கில் மாற்றாமல் விட்ட பூஜாடித் தண்ணீரின் வாடை.

"நீ வேற உயிரை வாங்காத," என்று அதைத் திட்டிவிட்டு மாப்பிள்ளை இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான்.

அவனை அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாமனார், மாமியார், எதிர்வீட்டுக்காரர், பால் போட வருகிறவர் வரை மாப்பிள்ளைதான். பெயர் என்று ஒன்று இருந்தது, கூப்பிடத்தான் ஆளில்லை. வைத்திருந்த ஜெராக்ஸ் கடை கடனில் மூழ்கிப்போய், வேறு வழி பிறக்கிற வரைக்கும் இரண்டு மாதம் என்று சொல்லி, மனைவியோடும் நான்கு பெட்டிகளோடும் மாமனார் வீட்டில் வந்து இறங்கியவன். பதினான்கு மாதம் ஆகிவிட்டது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பதினான்கு மாதத்து விருந்தாளியிடம் என்ன சொல்வதென்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. ஒருநாளாவது மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால் இவனும் கோபப்பட்டு ஆறியிருப்பான். அவரோ, இவன் ஷேவ் செய்ய பிளேடு தீர்ந்திருப்பதைப் பார்த்தால் தனக்கு வாங்கும்போது இன்னொரு பாக்கெட்டும் வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடிக்கு முன்னால் வைத்துவிட்டுப் போகிறவர். மாமியார் கேட்காமலே இன்னொரு கரண்டி போடுகிறவர். நல்லவர்கள் வீட்டில் தண்டச்சோறு தின்பது போன்ற வெட்கக்கேடு வேறில்லை. உட்கார்ந்து தின்னக் கூசித்தான் வீடு துடைக்கிற வேலையை அவன் தானாகவே எடுத்துக்கொண்டான்.

இந்தப் பாத்டப் மாமனார் தன் முதுகுவலிக்காக ஆசை ஆசையாய்ப் போட்டது. மாடிக் குளியலறையில் பாதியை அது விழுங்கிவிட்டது. யானையைக் கட்டித் தீனி போட்ட கதைதான். மூன்று தடவை சுகமாகக் குளித்தார். நாலாவது தடவை இறங்கும்போது வழுக்கி விழுந்தார். மாப்பிள்ளைதான் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கி எடுத்தான். அதோடு அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. "நீங்களாவது விடாமக் குளிங்க மாப்பிள்ளை, போட்ட தொட்டி வீணாப் போகக் கூடாது," என்றார். வந்த முதல் வாரத்திலிருந்தே சனிக்கிழமைதோறும் குளித்துவந்தவன் அதை விடவில்லை.

குளிப்பதற்காக மட்டும் அல்ல என்பது அவனுக்கு மட்டும் தெரியும்.

மோட்டார் ஓடும்போது அந்தத் தொட்டி போடுகிற இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. வந்த முதல் வாரமே அவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். மோட்டாரைப் போட்டுக் கதவைத் தாழிட்டு, கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து, தலைமாட்டுத் துளைக்குப் பக்கத்தில் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, வாரம் முழுக்கத் தொண்டைக்குள் அடக்கிவைத்ததையெல்லாம் வாய்விட்டுச் சொல்லித் தீர்ப்பான். சாப்பாட்டு மேசையில் தலையாட்டிச் சிரித்ததற்கெல்லாம் அங்கே வட்டியும் முதலுமாய் வசை. சொல்லி முடித்துத் துண்டால் தலை துவட்டிக்கொண்டு வெளியே வரும்போது மனசு கழுவிவிட்டாற்போல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் அழுக்கோடு பேச்சும் போயிற்று என்று நினைத்தான்.

இன்று தொட்டியைக் கழுவுவது மனைவிக்காக. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்கு நாலு மாதக் கரு கலைந்துபோயிற்று. ஏழு வருஷம் கழித்து உண்டானது. அதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதில்லை. ராத்திரியானால் கூரையைப் பார்த்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்பாள். "நான் என்ன தப்பு பண்ணேன்னு சொல்லுங்களேன்." அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ ஒண்ணும் பண்ணலம்மா," என்பான். அவன் சொன்னதில் பொய்யே இல்லை. அதனால்தான் சொல்லும்போது நாக்கு கூசும்.

மதியம் இரண்டரைக்கு அவளும் மாமனாரும் மாமியாரும் டாக்டரைப் பார்க்கக் கிளம்பினார்கள். படியில் நின்று மாமியார் சொல்லிவிட்டுப் போனார். "டாக்டர் சரின்னு சொல்லிட்டாங்கன்னா சாயங்காலம் வெந்நீர்ல கொஞ்ச நேரம் உக்காரட்டும் மாப்பிள்ளை. உடம்பு வலி தேவலாம்னு இருக்கும். அந்தத் தொட்டியைக் கொஞ்சம் கழுவி வெச்சிடுறீங்களா? அஞ்சு மணிக்கெல்லாம் வந்திருவோம்."

வெளியே தேய்த்தாகிவிட்டது. உள்ளே இருக்கும் குழாய்களைக் கழுவ வேண்டும். முன்பு வால்வு மாற்ற வந்த பிளம்பர் அதை விளக்கியிருந்தார். "நீங்க குளிச்ச தண்ணி மொத்தமா போயிடுதுன்னு நினைப்பீங்க சார். போகாது. சுத்தி வர்ற குழாயில நாலு செம்பு தண்ணி எப்பவும் நிக்கும். மாசம் ஒரு தடவை மருந்து ஊத்தி ஓட விட்டுக் கழுவணும். நுரை வர்ற சமாச்சாரம் மட்டும் ஊத்திடாதீங்க, அப்புறம் வீட்டையே தூக்கிட்டுப் போயிடும்." பதினான்கு மாதத்தில் அவன் ஒரு தடவைகூடக் கழுவவில்லை. மருந்து டப்பா எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. போன் போட்டு மாமியாரைக் கேட்கலாம். கேட்டால், இத்தனை நாள் கழுவாதது தெரிந்துவிடும். அந்த அவசரத்தில் நுரையை மறந்து, சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்க்கிற எலுமிச்சை லிக்விடை எடுத்து வந்தான்.

துளைகள் முங்கும்வரை வெந்நீர் நிரப்பினான். லிக்விடை ஒரு பிழி பிழிந்தான், பாதி பாட்டில் போயிற்று. கதவுக்கு வெளியே இருந்த சுவிட்சைத் தட்டினான்.

முதலில் வந்தது கறுப்பு. எட்டுத் துளைகளிலிருந்தும் தோல் தோலாக, எரிந்த காகிதம் நனைந்த மாதிரி, கறுப்புச் செதில்கள் சுழன்று வந்து தண்ணீரில் பரவின. தான் குளித்த குளியலா இது என்று அவனுக்கு உடம்பு கூசியது. அதற்குள் நுரை கிளம்பிவிட்டது. பால் பொங்குவதைப் பார்த்திருக்கிறோம், அடுப்பை அணைத்தால் அடங்கும். இது தொட்டி விளிம்பைத் தாண்டி, தரையில் இறங்கி, அவன் கணுக்காலைச் சுற்றி, வாசல்படியைத் தேடிக்கொண்டு போயிற்று. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தான். வாளியால் அள்ளினான். நுரையை அள்ளுவதும் புகையை மூட்டை கட்டுவதும் ஒன்று. பிளக்கைப் பிடுங்கினான். தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. நுரை மட்டும் தொட்டி நிறைய அப்படியே உட்கார்ந்திருந்தது, லட்சம் குமிழிகள் ஒவ்வொன்றாய் உடையும் சின்னச் சரசரப்போடு.

அந்தச் சரசரப்புக்கு அடியில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான். மாடியில் யாரும் இல்லை. எதிர்வீட்டு டிவியாக இருக்கும். சன்னலைச் சாத்தினான். இப்போது இன்னும் தெளிவாகக் கேட்டது. "ம்க்கும்." பிறகு, தண்ணீர் நிறைந்த வாயால் பேசுவதுபோல், குழறிக் குழறி ஒரு குரல்.

"...மெல்லுற சத்தமா இது? கல்லு அரைக்கிற மாதிரி... நாலு தெருவுக்குக் கேக்கும்..."

அவனுக்குச் சிரிப்புதான் வந்தது முதலில். எங்கேயோ கேட்ட பேச்சு. யார் யாரை இப்படித் திட்டுகிறார்கள்? அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றது. மாமனார் சாப்பிடும் சத்தத்தைப் பற்றி, இந்த வீட்டுக்கு வந்த முதல் சனிக்கிழமை, இந்தத் தொட்டியில் படுத்துக்கொண்டு, அவன் சொன்னது அது. குரலும் அவனுடையதுதான்.

நுரையை இரண்டு கையாலும் விலக்கினான். தலைமாட்டுத் துளை. ஓரத்தில் சொட்டு திரண்டு, நடுங்கி, வழிந்தது. உள்ளேயிருந்து மறுபடி செருமல்.

"...கேக்காம கேக்காமப் போடுறாங்களாம். நான் என்ன பிச்சைக்காரனா..."

அது இரண்டாவது வாரம். மாமியாரைச் சொன்னது.

"...அவங்க அப்பா பேசினா விழுந்து விழுந்து சிரிக்கிறா. நான் பேசினா எப்ப சிரிச்சா..."

மனைவியை. அது அடுத்த வாரமோ, அதற்கு அடுத்ததோ. மாப்பிள்ளை ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று சும்மாவா சொன்னார்கள். பயம் அப்போது அவ்வளவாக இல்லை. வெட்கம்தான். காது மடலெல்லாம் சுட்டது. தன் குரல் இவ்வளவு அற்பமாக இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை. மாமனார் சொல்லி வைத்த வேலையை வேண்டாம் என்று வந்த அன்றைக்குப் பேசியது வந்தது. மாமனார் விழுந்த வாரம் பேசியது வந்தது. "...கிழம் அன்னைக்கே மண்டையை உடைச்சிக்கிட்டிருந்தா..." அவரைத் தூக்கிய அதே கைகளால் அவன் வாயைப் பொத்திக்கொண்டான். பொத்த வேண்டிய வாய் அதுவல்ல.

அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. வரிசையாக வருகிறது. வாரம் தவறாமல், சொன்னது சொன்னபடி வருகிறது. இப்படியே போனால் கடைசியில் எது வரும் என்று அவனுக்குத் தெரியும்.

கரு கலைவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு சனிக்கிழமை. ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து வீடே குதூகலமாக இருந்தது. மாமனார் தொட்டில் வாங்குவதைப் பற்றிப் பேசினார். எல்லோர் நடுவிலும் சிரித்துவிட்டு அவன் இங்கே வந்தான். மாமனார் சோற்றில் தான் வளர்வது போதாதென்று தன் பிள்ளையும் வளர வேண்டுமா என்று நெஞ்சு புகைந்தது. மோட்டாரைப் போட்டான். அந்தத் துளையில் கிட்டத்தட்ட உதட்டை வைத்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னான்.

அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்.

சொன்ன கணமே வேண்டாம் என்று இருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டான். பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவன் அழுத அழுகையைப் பார்த்து மாமனாரே கட்டிக்கொண்டு தேற்றினார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு இந்தத் தொட்டியில் அவன் குளிக்கவே இல்லை.

மணி நாலு பத்து. ஐந்து மணிக்கு அவள் வருவாள். இந்தத் தொட்டியில் படுத்து இந்தத் துளைக்குப் பக்கத்தில் தலையைச் சாய்ப்பாள்.

சரி, கொட்டட்டும் என்று முடிவு செய்தான். அவர்கள் வருவதற்குள் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கட்டும். மறுபடி தண்ணீரை நிரப்பினான். மோட்டாரைப் போட்டான். இரைச்சலுக்குள் குரல் வேகம் எடுத்தது, டேப்பை முன்னால் ஓட்டினாற்போல், மாதக்கணக்கான பேச்சு. நுரை மார்புயரம் எழுந்தது. எலுமிச்சை வாசனைக்கு அடியில் அந்தப் பழைய தண்ணீர் வாடை கெட்டித்துக்கொண்டே வந்தது. கண்ணாடி மங்கியது. தொட்டி தெரியவில்லை, கதவு தெரியவில்லை, வெள்ளைக்குள் நின்றுகொண்டு தன் வாழ்நாளின் கேவலத்தையெல்லாம் அவன் காதுகொடுத்துக் கேட்டான். மழைக்காலம் போயிற்று. கோடை போயிற்று. அவள் உண்டான செய்தி வந்தது. இனி கடைசி ஒன்றுதான். சுவிட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். கேட்டுத் தொலைத்துவிட்டால் முடிந்தது.

"ம்க்கும்," என்றது துளை. "அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்."

தண்ணீர் கடைசி மடக்காய் வடிந்தது. நுரை சரசரத்தது. அவ்வளவுதான், அதற்குமேல் அவன் இங்கே ஒன்றும் பேசியதில்லை. மாப்பிள்ளை மூச்சை விட்டான்.

"அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்."

இந்தத் தடவை குழறல் இல்லை.

"அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்."

இது கால்மாட்டிலிருந்து.

கீழே ஓடினான். மெயின் பாக்ஸைத் திறந்து மாடிக்குப் போகும் ஃபியூஸைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு மேலே வந்தான். மூன்று துளைகள் சொல்லிக்கொண்டிருந்தன. பழந்துணியைத் திணித்தான். துப்பியது. குளியல் சோப்பைப் பிசைந்து இடப்பக்கத் தலைமாட்டுத் துளையில் அப்பினான். அது நின்றது. வேறு சோப்பு இல்லை. ஐந்து துளைகள். அதே வாக்கியம். ஒன்று முடிக்குமுன் இன்னொன்று. ஏழு.

வாசலில் கார் நின்றது.

கதவு அடைக்கும் ஓசை, ஒன்று, இரண்டு, மூன்று. மாமியாரின் குரல். சாவி.

அவன் தொட்டிக்குள் இறங்கினான். உடுத்தியிருந்த உடுப்போடு. மல்லாந்தான். குதிகால் இரண்டையும் கால்மாட்டுத் துளைகளில் அழுத்தினான். முழங்காலை அகட்டி இரண்டு. உள்ளங்கையால் இரண்டு. வெந்நீரில் சிவந்த தோலுக்கு அடியில் ஒவ்வொன்றும் துடித்தது, வாக்கியத்தின் அளவுக்கு, வாக்கியத்தின் இடைவெளிக்கு. ஒன்று மிச்சம். தலைமாட்டில், வலப்பக்கம். அவனிடம் வேறு எதுவும் மிச்சமில்லை. முகத்தைத் திருப்பினான். வாயைத் திறந்து அந்தத் துளைமேல் வைத்து அடைத்தான்.

அமைதி.

பல்லில் அதிர்ந்தது. அண்ணத்தில் அதிர்ந்தது. நாக்கின்மேல் ஏறி நின்று, சில்லென்று, பழைய தண்ணீரின் ருசியோடு, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கியது. விழுங்கினான். வந்துகொண்டே இருந்தது. விழுங்கினான்.

படியில் அவளுடைய காலடி. மெல்ல, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து.

"என்னங்க? ஏங்க, இது என்ன கூத்து?"

நுரைக்கு மேலே அவள் முகம் தெரிந்தது. கண்கள் விரிந்தன. தரை முழுக்க நுரை, நடுவில் உடுப்போடு கைகாலைப் பரப்பிக்கொண்டு சுவரைக் கவ்விக் கிடக்கும் புருஷன். உதட்டோரம் நடுங்கியது. பிறகு அவள் சிரித்துவிட்டாள். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, பழைய மாதிரியே. "அப்பா, இங்க வந்து பாருங்களேன் உங்க மாப்பிள்ளையை!"

அவனுக்கு அந்தச் சிரிப்பு போதும் என்று இருந்தது. அவளுக்கு அது அப்படியே இருக்க வேண்டும். அதற்காக இப்படியே, வாயை எடுக்காமலே செத்துப்போகலாம்.

அவள் மண்டியிட்டாள். "வாயை ஏங்க அதுல வெச்சிருக்கீங்க? மூச்சு முட்டப் போகுது." சேலை முந்தானையால் அவன் நெற்றி நுரையைத் துடைத்தாள். தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. கண்ணால் கெஞ்சினான். அடம்பிடிக்கிற பிள்ளையின் முகத்தைத் திருப்புவதுபோல், மோவாய்க்கடியில் கைவைத்து, மெதுவாக அவனைத் தன் பக்கம் திருப்பினாள்.

துளை காலியாக இருந்தது. ஒரு சொட்டுகூட இல்லை.

அவன் உதடுகளை இறுக்கி மூடினான். கன்னம் உப்பியது. தொண்டையில் ஏதோ செருமியது, அவன் செருமவில்லை. உதடு பிரிந்தது. வட்டமாக. கறுப்புத் தண்ணீர் மோவாயில் வழிந்து அவள் உள்ளங்கையில் இறங்கியது.

"அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்."

உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை.

"அது தங்காம போயிட்டா நல்லாயிருக்கும்."

அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. போவதற்கு அதற்கு நேரம் கிடைக்கவில்லை. கை மோவாய்க்கடியிலேயே நின்றது. மாமனார் கதவோரம் வந்து நின்றார். மோட்டார் சத்தம் என்று நினைத்துச் சுவிட்சைத் தட்டினார். மேலே. கீழே. மேலே.

"ஆஃப்லதானே இருக்கு?" என்றார். "யாரு பேசுறது?"

சுவிட்ச் டக் டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைக்குள் அந்த வாய் மூடாமல், வட்டமாக, திறந்தே இருந்தது. சொன்னதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவன் யாரிடமும், எந்தத் துளையிடமும் ஒருநாளும் சொல்லாமல் மனதில் மட்டும் நினைத்ததை இப்போது நிதானமாகச் சொல்ல ஆரம்பித்திருந்தது.